நாடு கடத்தல்: ஒரு பிறவினையும் அயலாரின் பேச்சுரிமையும்



மொழிக்கென அமைந்த இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் சட்டத்தோடு தொடர்புடைய ஒரு பொருளை நாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். சொல்லும் தொடருமே நாம் பயின்றவை. ஆயினும் சட்டம் என்பதும் தொடர்களால் ஆனதே. ஒரு தொடரின் எழுவாயாக 'எவரும்' என்ற சொல் நிற்கிறதா, 'குடிமகன் ஒவ்வொருவரும்' என்ற சொல் நிற்கிறதா என்பதைப் பொறுத்து, ஒருவர் மாலையில் தம் இருப்பிடத்துக்குத் திரும்புவாரா, வானூர்தி நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுவாரா என்பது முடிவாகிவிடுகிறது. ஆகவே இது மொழி பயின்றோரும் பேசத்தக்க பொருளே.

நம்முன் உள்ள கேள்வி எளியது. ஒரு நாட்டில் வாழ்கின்ற, ஆனால் அந்நாட்டின் குடியுரிமை பெறாத ஒருவர் தம் கருத்தை வெளிப்படையாகச் சொல்லலாமா? சொன்னால், அதன் பொருட்டு அரசு அவரை வெளியேற்றிவிடலாமா?

1. கடத்தல் என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கட' என்பது தன்வினை. ஆற்றைக் கடந்தான், கடலைக் கடந்தார்கள் என்னும்போது கடப்பவர் தம் கால்களாலோ தம் விருப்பத்தாலோ கடக்கிறார். 'கடத்து' என்பது அதன் பிறவினை. அங்கே கடக்கும் பொருள் ஒன்று, கடக்கச் செய்பவர் வேறொருவர். தங்கத்தைக் கடத்துகிறார்கள், குழந்தையைக் கடத்துகிறார்கள், கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. இவை அனைத்திலும் கடத்தப்படுவதற்குச் சொந்த விருப்பம் இல்லை, அல்லது அது கேட்கப்படுவதில்லை. 'நாடு கடத்தல்' என்ற தொடரும் இவ்வரிசையிலேயே நிற்கிறது. தமிழ் இதழ்கள் பல காலமாகப் பயன்படுத்திவரும் இச்சொல், உள்ளதை மறைக்காத சொல். 'திருப்பி அனுப்புதல்' என்று எழுதும்போது அங்கே ஒரு மென்மை புகுந்துவிடுகிறது. அஞ்சலில் தவறி வந்த பொதியைத் திருப்பி அனுப்புவது போன்ற எண்ணம் தோன்றிவிடுகிறது.

இதற்கு எதிரே 'பேசு' என்னும் வினையை வைத்துப் பாருங்கள். பேசுபவர் எழுவாய். தோட்டத்தில் பால் வெட்டுபவரும், கட்டடத் தளத்தில் செங்கல் சுமப்பவரும் நாள் முழுவதும் பிறர் ஏவலால் இயங்குகிறார்கள். வாய் திறந்து தம் நிலையைக் கூறும் பொழுதில்தான் தொடரின் எழுவாயாகிறார்கள். பேசியதற்காக ஒருவரை நாடு கடத்துவது என்பது, எழுவாயாக நின்றவரை மீண்டும் செயப்படுபொருளாக மாற்றுவதாகும். இலக்கண வகுப்பில் நாம் இதனைத் தன்வினை பிறவினை வேறுபாடு என்று கற்பித்தோம். வரலாற்றில் அதற்கு ஊரும் ஆண்டும் உண்டு.

2. கிள்ளான், 1941

அந்த ஊர் நமக்கு அயலூர் அன்று. 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒருங்கிணைத்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். அவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய இதழாளர். 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த அவ்விதழை இந்த அவையில் அறியாதவர் இருக்க முடியாது.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியல் ஒவ்வொரு மலேசியத் தமிழரும் படித்திருக்க வேண்டியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் மேலாளர்கள் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அதில் இருந்தன. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. இவற்றோடு, மொழி பயின்ற நம் கண்ணைக் கவரும் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்பது ஒன்று. பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளாதவரிடம் பேசும் உரிமையால் பயனில்லை. புரிந்துகொள்பவரிடம் பேசத் தடையிருந்தாலும் பயனில்லை. பெரிதாகப் படிக்க வாய்ப்பில்லாத தோட்டத் தொழிலாளர்கள் இவ்விரண்டையும் கூலிக் கோரிக்கையோடு ஒரே பட்டியலில் வைத்தார்கள். பேச்சுரிமை படித்தவர்க்கு மட்டுமே உரிய கவலை என்போர்க்கு அப்பட்டியலே மறுமொழி.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதால் வேலைநிறுத்தம் அடங்கவில்லை, பரவியது. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் கைதாயினர், சிலர் நாதனைப் போலவே கப்பலேற்றப்பட்டனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அன்றைய நாதன் எந்நாட்டவர்? அவர் பிரிட்டிஷ் பேரரசின் குடி. சிலாங்கூரை நடைமுறையில் ஆண்டதும் அதே பேரரசே. ஆயினும் சிலாங்கூர் சட்டப்படி சுல்தானின் நாடு. பேரரசின் பாதுகாப்பில் இருந்த நாடு. ஆகவே, ரப்பர் வெட்டத் தமிழர் தேவைப்பட்டபோது அவர்கள் பேரரசின் மக்கள். கூலி கேட்டபோது அயலார். ஒரே மனிதர் ஒரே மண்ணில் நின்றுகொண்டிருக்க, அவரைச் சுட்டும் சொல் மட்டும் மாறியது.

போருக்குப் பின் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் இவ்வதிகாரம் மேலும் பெரிதாகப் பயன்பட்டது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சீனர், வெளியேற்றப்பட்டனர். விடுதலைக்குப் பிறகும் நாடு கடத்தல் சட்டம் 1959-இன் பெயரால் நீடித்தது, 2011-இல்தான் நீக்கப்பட்டது.

3. 'எவரும்' என்பதும் 'குடிமகன்' என்பதும்

நம் கூட்டரசின் அரசமைப்புச் சட்டத்தை இலக்கணக் கண்ணோடு படித்தால் ஒரு நுட்பம் புலப்படும். உயிரும் தன்னுரிமையும் பற்றிய 5-ஆம் உறுப்பு எவரையும் குறித்துப் பேசுகிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 8-ஆம் உறுப்பு எல்லாரையும் குறித்துப் பேசுகிறது. சமயத்தைப் பின்பற்றும் உரிமை தரும் 11-ஆம் உறுப்பும் ஒவ்வொருவரையும் குறித்தே பேசுகிறது. ஆனால் எவரும் நாடு கடத்தப்படலாகாது என்று 9-ஆம் உறுப்பு கூறவில்லை. குடிமகன் எவரும் நாடு கடத்தப்படலாகாது என்கிறது. பேச்சுரிமை தரும் 10-ஆம் உறுப்பும் குடிமகன் ஒவ்வொருவருக்கும் என்றே தொடங்குகிறது. சிங்கப்பூர் அரசமைப்பின் 13, 14-ஆம் உறுப்புகளும் இதே அமைப்பு உடையவை.

இதன் பொருள் என்ன? இங்கு வாழும் அயல்நாட்டவர் தம் கடவுளிடம் பேசுவது அவர் உரிமை. நம்மிடம் பேசுவது உரிமையன்று. 'உரிமையன்று' என்பது 'தடை' என்று பொருள்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் தடுக்காதவரை அவரும் பேசலாம். ஆனால் அது இசைவு. இசைவு கொடுத்தவர் விரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். உரிமையை அவ்வாறு எடுக்க இயலாது. குடிமக்களின் பேச்சுரிமைக்கும் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றின் பொருட்டு வரம்புகள் உண்டு என்றாலும், அவ்வரம்பைச் சட்டமியற்றியே விதிக்க வேண்டும். அயல்நாட்டவர்க்கு அவ்வளவு தேவையில்லை. அவருடைய வேலை அனுமதியை நீக்கினாலே போதும்.

இதே வேறுபாடு கால அளவிலும் தெரிகிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது 5-ஆம் உறுப்பின் விதி. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் கைதாகும் அயல்நாட்டவர்க்கு அது 14 நாள். மேலும், குடிநுழைவுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஆணை பிறப்பிக்கும் முன் உரியவரின் கருத்தைக் கேட்க வாய்ப்பளிக்கத் தேவையில்லை என்கிறது. நாடு கடத்தல் சட்டம் நீக்கப்பட்ட பின்னும் இப்பிரிவு நின்றுகொண்டிருக்கிறது.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று அனைவர் நினைவிலும் இருக்கும். 2020-ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஆவணமற்ற தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து அல் ஜசீரா தொலைக்காட்சி ஒரு படத்தை ஒளிபரப்பியது. அதில் தோன்றிக் குறை கூறிய வங்காளதேச இளைஞர் ஒருவர் சூலையில் கைது செய்யப்பட்டார். அவரது வேலை அனுமதி நீக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் அவர் நாடு கடத்தப்பட்டார். நீதிமன்றத்தில் அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் வைக்கப்படவில்லை. அவர் கூறியது சரியா, மிகையா என்று நாம் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. அதைத் தீர்மானிக்கும் இடம் எதுவும் அமையாமலேயே அவர் சென்றுவிட்டார் என்பதையே சுட்டுகிறோம்.

4. பிற நாடுகளின் தொடர்கள்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசமைப்பின் 19-ஆம் உறுப்பும் பேச்சுரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. அயல்நாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955-இல் இந்திய உச்சநீதிமன்றம் கூறியது.

அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் இலக்கண வகையில் மாறுபட்டது. அது பேச்சுரிமை யாருக்கு உண்டு என்று கூறுவதே இல்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரசு இயற்றலாகாது என்று மட்டும் கூறுகிறது. உரிமையாளரைச் சுட்டாத தொடர் ஆதலால், அயல்நாட்டவரும் அதன் நிழலில் ஒதுங்க இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த அந்நாட்டு அரசு பல்லாண்டு முயன்றது. 1945-இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியதோடு, அந்நாட்டில் வாழும் அயல்நாட்டவர்க்கும் பேச்சுரிமை உண்டு என்றும் கூறியது.

ஆயினும் தொடரமைப்பு மட்டும் மனிதரைக் காத்துவிடுவதில்லை. அதே அமெரிக்கா 1919 டிசம்பரில் எம்மா கோல்ட்மன் உள்ளிட்ட 249 பேரை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பியது. பிரிட்ஜஸ் தீர்ப்பு வந்து ஏழே ஆண்டுகளில், 1952-இல், முன்னொரு காலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தமைக்காக நாடு கடத்துவது செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 16-ஆம் உறுப்பு, அயல்நாட்டவரின் அரசியல் நடவடிக்கைக்கு வரம்பிட அரசுகளுக்கு இடமளிக்கிறது. இருந்தும், பிரெஞ்சுப் பொலினீசியாவில் அணு ஆய்வுக்கு எதிரான ஊர்வலத்தில் பேசியதற்காக வெளியேற்றப்பட்ட செருமானியரான ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு, 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தது.

1948-இன் உலக மனித உரிமைப் பறைசாற்றத்தின் 19-ஆம் உறுப்பு, கருத்துரிமை ஒவ்வொருவருக்கும் உரியது என்கிறது. 1966-இன் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம், சட்டப்படி ஒரு நாட்டில் இருக்கும் அயல்நாட்டவரை வெளியேற்றுமுன் அவர்தம் மறுப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. நாட்டுப் பாதுகாப்புக்குக் கட்டாயமானால் மட்டும் விலக்கு அளிக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வொப்பந்தத்தில் இன்னும் இணையவில்லை.

5. விருந்தாளி என்னும் உவமை

அரசின் பக்க நியாயத்தையும் எடையிட வேண்டும். ஒரு நாட்டின் தேர்தலையும் ஆட்சியையும் அந்நாட்டு மக்களே தீர்மானிக்க வேண்டும். வெளியார் பணத்தாலும் பரப்புரையாலும் அதைத் திருப்ப முயன்றால் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. இன, சமயப் பகையை மூட்டுபவர் எந்நாட்டவராயினும் பொறுத்துக்கொள்ள இயலாது. பல இனம் வாழும் நம் நாட்டில் இது வெற்று அச்சமன்று. இதனை நாம் ஏற்கிறோம். ஆனால் அத்தகையவரை மெய்ப்பித்துத் தண்டிக்கக் குற்றவியல் சட்டங்கள் உள்ளன. அவை குடிமகனுக்கும் அயலார்க்கும் ஒன்றே. நாடு கடத்தலின் கவர்ச்சி, மெய்ப்பிக்கும் சுமை அதில் இல்லை என்பதில்தான் உள்ளது.

பொதுமக்கள் நாவில் வழங்கும் நியாயம் வேறு. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரைக் குறை சொல்லலாமா என்பது அது. இவ்வுவமை தமிழர்க்கு உடனே பிடித்துப்போகும். விருந்தோம்பலை அறமாகக் கொண்டவர் நாம். ஆயின் 'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதிதாக வந்தவர் விருந்தினர். வந்து பத்தாண்டு உழைத்தவர் எவ்வாறு விருந்தினர் ஆவார்? விருந்தினரை நாம் கூலிக்கு வேலை வாங்குவதில்லை; அவர் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைப்பதில்லை; முகவர் கட்டணம் வசூலிப்பதில்லை. வேலை வாங்கும்போது தொழிலாளி, வாய் திறக்கும்போது விருந்தாளி என்பது 1941-இல் நாதனிடம் பேரரசு ஆடிய அதே சொல்லாட்டமே.

'அயல்' என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். அதற்கு வேற்றிடம் என்றும் பொருள். அருகு என்றும் பொருள். இலங்கைத் தமிழர் பக்கத்து வீட்டாரை இன்றும் அயலவர் என்பர். அயலார் தொலைவில் இருப்பவர் அல்லர். நம் அடுத்த கதவில் இருப்பவர்.

6. உறையூரும் மதுரையும்

நம் பழைய இலக்கியம் இக்கேள்வியை அறியும். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் என ஐயுற்றுக் கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பாடி அவரைக் காத்தார். புறநானூற்றின் 47-ஆம் பாட்டு அது. பகைவர் ஊரிலிருந்து வந்த சொற்காரர் ஒற்றராகத்தான் இருப்பார் என்ற ஐயம் எவ்வளவு பழையது பாருங்கள். அந்த ஐயத்தை வென்றது இன்னொருவர் துணிந்து பேசிய பேச்சு என்பதையும் பாருங்கள்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் சென்ற கோவலனும் கண்ணகியும் அவ்வூரார் அல்லர், புகாரிலிருந்து வந்தவர்கள். கோவலன் கேட்கப்படாமலே கொல்லப்பட்டான். கண்ணகி வாயிலில் நின்று தன்னை அறிவித்தபோது, பாண்டியன் அவளை உள்ளே விடச் செய்தான். வேற்று நாட்டுப் பெண் தன்னை எதிர்த்துப் பேசியதை அரியணையில் இருந்து கேட்டான். சிலம்பை அவள் உடைக்கக் காணும் அளவுக்குக் கேட்டான். தன் பிழை அறிந்ததும் உயிர் விட்டான். கேளாமல் செய்தது அவன் குற்றம். கேட்டது அவன் மாண்பு. ஊர் எரிந்த கதையாகவே அதை நினைவில் வைத்திருக்கும் நாம், அயலாள் ஒருத்திக்கு வாயில் திறந்த கதையாகவும் அதைப் படிக்க வேண்டும்.

7. செய்யத்தக்கவை

மொழியாளர் என்ற முறையில் மூன்று கருத்துகளை இவ்வவையின்முன் வைக்கிறோம்.

முதலாவது, வெளியேற்றும் அதிகாரம் அரசிடம் இருக்கட்டும்; ஆனால் பேசிய பேச்சு மட்டுமே அதற்குக் காரணமாகலாகாது. பேச்சே குற்றம் என்றால் குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கட்டும்.

இரண்டாவது, ஆணைக்கு முன் உரியவரைக் கேட்க வேண்டும். அவர் மொழியில் கேட்க வேண்டும். 59-ஆம் பிரிவு திருத்தப்படுவது நாடாளுமன்றத்தின் பணி. நல்ல மொழிபெயர்ப்பாளர்களை ஆயத்தம் செய்வது நம்மால் இயன்ற பணி. தமிழ், வங்காளம், நேப்பாளி, பர்மியம் அறிந்தோரை நீதிமன்ற மொழிபெயர்ப்புக்குப் பயிற்றும் வகுப்புகளை மொழி அமைப்புகள் தொடங்கலாம். தமிழ் பேசும் பணியாளர் வேண்டும் என்ற கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைக்கு நாம் செலுத்தும் கடன் அதுவாகும்.

மூன்றாவது, நம் சொற்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'பெண்டாத்தாங்' என்ற மலாய்ச் சொல், வருதலைக் குறிக்கும் 'டாத்தாங்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. வந்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள். அச்சொல் நம்மீது வீசப்படும்போதெல்லாம் நாம் புண்பட்டிருக்கிறோம். ஆனால் இன்று நம் உணவகத்தில் தட்டுக் கழுவும் வங்காளதேசத்தவரையும் மியன்மாரியரையும் நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்று வீட்டுக்குப் போய் ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

முடிவாக ஓர் இலக்கணச் செய்தி. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் இரண்டு: கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்'. மலாயும் அவ்வாறே, 'கித்தா' உள்ளடக்கும், 'காமி' விலக்கும். இந்நாட்டில் வழங்கும் இவ்விரு மொழிகளும், ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும், எதிரில் நிற்பவர் நம்முள் ஒருவரா அல்லரா என்று முடிவெடுக்குமாறு நம்மைக் கேட்கின்றன. கிள்ளான் தொழிலாளர்களைப் பார்த்து 'நாங்கள்' என்றது பேரரசு. விடுதலை பெற்ற நாடு அவர்களுக்குக் குடியுரிமை தந்தபோது, குறைகள் பல இருந்தும், அது 'நாம்' என்று சொல்லத் தொடங்கியது. அதனால்தான் இன்று இம்மேடையில் நின்று சட்டத்தின் ஒரு பிரிவு தவறு என்று அச்சமின்றிக் கூற நம்மால் முடிகிறது. இச்சொற்பொழிவு முடிந்ததும் நாம் வீட்டுக்குத் திரும்புவோம். இதே சொற்களைக் கூறிய அயலாரும் வீட்டுக்குத் திரும்பும் நாள் வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.